கையும் கையெழுத்தும்

பிணவறையிலிருந்து தொடங்குவோம். அரசு மருத்துவமனைப் பிணவறையில் உடலைத் திறப்பவர் யார்? மண்டையோட்டை உளியும் சுத்தியலும் வைத்துப் பிளப்பவர் யார்? நெஞ்சுக்கூட்டை அறுத்து ஈரலையும் குடலையும் எடுத்துத் தட்டில் வைப்பவர், எல்லாம் முடிந்தபின் கோணி தைப்பதுபோலத் தைத்து, கழுவி, வெள்ளைத்துணி சுற்றி, வெளியில் அழுதுகொண்டு நிற்பவர்களிடம் ஒப்படைப்பவர் யார்? பெரும்பாலும் நம்மாள்தான். டாக்டர் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார், கேட்பார், எழுதுவார். அறிக்கையில் கையெழுத்து அவருடையது. கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொல்பவரும் அவர்தான். அறுத்த கைக்குப் பேர் கிடையாது.

1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்கிற வைத்தியசாதிக்காரர் பிணத்தை அறுத்துப் பார்த்தார். இந்திய மருத்துவ வரலாறு அதை இன்றைக்கும் புரட்சி என்று எழுதுகிறது. பிணத்தைத் தொட்டது அவருக்குப் புரட்சியாகிவிட்டது. அதே பிணத்தை நாள் தவறாமல் தொடுகிறவனுக்கு அது விதிக்கப்பட்ட வேலை. தொடுகிற கை ஒன்றுதான், யாருடைய கை என்பதைப் பொறுத்து அது சாதனையாகவோ தீட்டாகவோ மாறுகிறது.

கை ஒருத்தருடையது, கையெழுத்து இன்னொருத்தருடையது. இந்த ஏற்பாட்டை முதலில் நிலத்தில்தான் பார்த்தோம். உழுத கை நம்முடையது, பட்டாவில் இருந்த பேர் வேறு. 1891இல் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதியது பழைய செங்கல்பட்டு ஜில்லாவைப் பார்த்துத்தான். அதன் பேரில் வந்த பஞ்சமி நிலங்கள் யார் கைக்குப் போயின என்று கேட்டதற்கு, 1994இல் காரணையில் துப்பாக்கிதான் பதில் சொன்னது. அந்தப் பழைய ஜில்லாவில்தான் இன்றைக்கு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம்-வடகால் என்று சிப்காட் வளாகங்கள் வரிசையாக நிற்கின்றன. கார், டயர், கண்ணாடி, செல்போன் எல்லாம் அங்கே உற்பத்தியாகின்றன. ஏர் பிடித்தவனின் பேரப்பிள்ளை காண்டிராக்ட் லேபராகக் கேட்டுக்குள் போகிறான்.

இந்தக் கட்டுரை அந்தப் பகுதியிலிருந்து நம் பிள்ளைகள் போய்ச் சேருகிற ஒரு புது உத்தியோகத்தைப் பற்றியது. இங்கிலீஷில் அதை 'பிசிஷியன் அசிஸ்டன்ட்' என்கிறார்கள். மருத்துவர் உதவியாளர் என்று சொல்லலாம். ஊரில் சொன்னால் வேடிக்கையாக இருக்கும். 'என்னம்மா படிக்கிற?' 'பி.ஏ. பெரியம்மா.' 'எந்த பி.ஏ.? தமிழா, ஹிஸ்டரியா?' 'அது இல்ல பெரியம்மா, டாக்டருக்கு பி.ஏ.' 'மந்திரிக்கு இருப்பாங்களே, அந்த மாதிரியா?' பெரியம்மா கேட்டதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இந்த உத்தியோகம் என்ன என்கிற கேள்விக்கு அரசாங்கமே ரொம்ப காலம் பதில் சொல்லவில்லை.

இந்தியாவில் இந்தப் படிப்பு சென்னையில்தான் பிறந்தது. 1992இல் இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதைத் தொடங்கினார். இதய அறுவையில் நெஞ்சைத் திறக்கிறவர் ஒருவர், அதே நேரத்தில் காலிலிருந்து ரத்தக்குழாயைப் பதமாக உரித்து எடுத்துக்கொடுக்க இன்னொருவர் வேண்டும். படிக்க வரும் இளம் டாக்டர்கள் இரண்டு மூன்று வருசத்தில் போய்விடுவார்கள். போகாமல் அங்கேயே நின்று கை பழகிய ஆள் தேவைப்பட்டது, அதற்காக உண்டான படிப்பு இது. பிறகு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்.சி. பட்டமாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. போரூரிலிருந்து தண்டலம் வரைக்கும் பெங்களூர் ரோட்டோரத் தனியார் கல்லூரிகளிலும் சொல்லித்தருகிறார்கள். நோயாளியிடம் விவரம் கேட்பது, உடம்பைப் பரிசோதிப்பது, ரத்தம் மூத்திரம் ரிசல்ட்டைப் பின்தொடர்வது, டாக்டரோடு ரவுண்ட்ஸ் போவது, தியேட்டரில் கூட நிற்பது, தையல் போடுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது என்று ஒரு இளநிலை டாக்டர் செய்கிற வேலையில் பாதிக்கு மேல் இவர்கள் தலையில்தான். சொந்தமாக மருந்து எழுத மட்டும் முடியாது.

நம் பிள்ளைகள் இதற்குப் போவதற்குக் காரணம் வெளிப்படை. ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கை நடந்துவந்திருக்கிறது, நீட் இல்லை. 1200க்கு 1176 எடுத்த குழுமூர் அனிதா 2017இல் எந்தக் கதவின் முன்னால் செத்துப்போனாள் என்பது நமக்குத் தெரியும். பிறகு 2020இல் அரசுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது, சிலபேர் உள்ளே போனார்கள், நல்லது. மீதிப்பேர் பக்கத்துக் கதவைத் தட்டுகிறார்கள். பக்கத்துக் கதவு என்பது வீட்டுக்குள் போகிற வழியா, கொல்லைப்புறத்து வழியா? இதுதான் நம் கேள்வி.

ஒரகடம் பக்கத்துக் காலனியிலிருந்து போய்ப் படித்து, இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி சொன்னாள்: 'அண்ணே, கேஸ் ஹிஸ்டரி நான்தான் எடுக்கிறேன். சம்மரி நான்தான் எழுதறேன். கீழ சார் கையெழுத்து போடுவாரு. போவும்போது பேஷன்ட்டு சாருக்குக் கும்பிடு போட்டுட்டுப் போவாங்க. எனக்குக் கும்பிடு வேணாம்ணே. ஆனா ஏதாச்சும் தப்பாப் போச்சுன்னா மட்டும் எம்பேரு வெளிய வருது பாரு, அதான் வவுத்தெரிச்சல்.'

அவள் சொன்னதைக் கூலிப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு வேலைக்குள் மூன்று காரியங்கள் இருக்கின்றன: அறிவது, செய்வது, செய்ததற்குப் பதில் சொல்வது. சாதி இந்த மூன்றையும் மூன்று ஆளுக்குப் பிரித்துக் கொடுத்தது. வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிற ஆட்களைப் படிக்கட்டாக அடுக்குவது வேறு என்று 1936இல் அம்பேத்கர் வாதாடியது இதைப் பற்றித்தான். மருத்துவத்தில் வேலைப் பிரிவினை தேவையே. தியேட்டரில் ஆறுபேர் இருந்தால் ஆறுபேருக்கும் ஆறு வேலை. ஆனால் அந்த ஆறுபேரில் யார் காலாகாலத்துக்கும் அதே இடத்தில் நிற்பார்கள், யார் பேர் தாளில் ஏறும், யார் பேர் ஏறாது என்பது வேலை தீர்மானித்ததாகத் தெரியவில்லை.

பழைய கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1835இல் சென்னை மருத்துவப் பள்ளி தொடங்கியது முழு டாக்டர்களை உருவாக்க இல்லை. வெள்ளைக்கார சர்ஜனுக்கு உதவியாள் வேண்டியிருந்தது. கலப்பினத்தவருக்கு 'அப்பாத்திக்கரி' என்ற பதவி, கறுப்பு ஆளுக்கு 'டிரெஸ்ஸர்' என்ற பதவி. படிப்பு தொடங்கிய அன்றைக்கே நிறத்துக்கொரு படிக்கட்டு. அந்த 'டிரெஸ்ஸர்' என்ற சொல் கம்பவுண்டரோடு சேர்ந்துகொண்டு, தொழிற்சாலை விதிகளுக்குள் நம் காலம் வரை நடந்துவந்தது. பிற்பாடு ராயபுரம் மருத்துவப் பள்ளி போன்ற இடங்களில் எல்.எம்.பி. என்கிற குறைந்த காலப் படிப்பு வந்தது. கிராமத்தில் நம் தாத்தாக்கள் கண்ட 'எல்லெம்பி டாக்டர்' இவர்தான். 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை கணக்கு சொல்கிறது: நாட்டில் பதிவான 47,524 டாக்டர்களில் 29,870 பேர் எல்.எம்.பி. வகை, 17,654 பேர்தான் பட்டதாரிகள். இனி ஒரே தரம், எல்லோருக்கும் எம்.பி.பி.எஸ். என்று அந்தக் குழு சொன்னது. குழுவுக்குள்ளேயே மாற்றுக்கருத்து இருந்தும் எல்.எம்.பி. படிப்பு மூடப்பட்டது.

ஒரே தரம் என்பது கேட்க நல்ல பேச்சு. ஏழைக்கு அரை டாக்டர், பணக்காரனுக்கு முழு டாக்டர் என்பது அநியாயம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? முழு டாக்டர் பட்டணத்திலேயே தங்கிவிட்டார். அரை டாக்டரும் போனபிறகு சேரிக்கு மிஞ்சியது யார்? ஊசி போடுகிற மருந்துக்கடைக்காரர், மந்திரிக்கிற பூசாரி, பிரசவத்துக்கு மருத்துவச்சி. தொப்புள்கொடி அறுத்த அந்தக் கிழவியின் அறிவை எந்த ரிஜிஸ்தரும் பதியவில்லை. தரத்தின் பேரால் ஒன்றுமில்லாமல் செய்வதும் ஒரு தீண்டாமைதான்.

எனவே 'உதவியாளரே வேண்டாம், எங்களுக்கும் டாக்டரே வேண்டும்' என்று கோஷம் போட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. ராத்திரி ரெண்டு மணி ஷிப்டை நினைத்துப் பாருங்கள். பவர் பிரஸ்ஸில் பையன் ஒருவனின் விரல் மாட்டிக்கொள்கிறது. விரல் கையோடு தொங்குகிறதா, தனியாக விழுந்துவிட்டதா, விழுந்ததை எப்படி எடுத்துவைப்பது, ரத்தத்தை எங்கே அழுத்தி நிறுத்துவது, எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் ஒட்டவைக்க முடியும்? இதெல்லாம் முதல் பத்து நிமிசத்தில் தெரியவேண்டிய சங்கதிகள். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 500 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கிற 2020ஆம் வருசத்துச் சட்டத்தொகுப்பும் அதே 500 கணக்கைத்தான் வைத்திருக்கிறது. 499 பேர் இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் அறுபடுகிற விரல் விரலில்லையா என்று யாரும் கேட்கவில்லை. பெரிய ஆலையில் அறை இருக்கும், கட்டில் இருக்கும், டாக்டர் பகலில் வந்துபோவார். ராத்திரியில் இருப்பது ஒரு நர்ஸோ, ஒரு உதவியாளரோதான். அந்த ஒரு ஆள் நன்றாகப் படித்தவராக இருப்பதா, பேருக்கு வெள்ளைக்கோட்டு மாட்டியவராக இருப்பதா? நம் பையனின் விரல் அதில் இருக்கிறது.

குறைந்த காலம் படித்தவர் கை சுத்தமாக இருக்குமா என்று கேட்பார்கள். சத்தீஸ்கரில் 2001இல் மூன்றுவருச மருத்துவப் படிப்பு தொடங்கினார்கள். எதிர்ப்பு வந்து 2008இல் மூடினார்கள். அதற்குள் படித்து முடித்தவர்களை 'கிராமப்புற மருத்துவ உதவியாளர்' என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்பினார்கள். 2010இல் வெளியான ஆய்வு ஒன்று அவர்களையும் எம்.பி.பி.எஸ். டாக்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற சாதாரண நோய்களைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதில் இருவரும் சமமாக இருந்தார்கள். அப்புறம் என்ன குறை? டாக்டர் ஆகலாம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் அவர்கள். படிப்பின் பேரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அஸ்ஸாமிலும் 2005இல் இப்படியொரு டிப்ளமா வந்தது. 2014இல் குவாஹாத்தி உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தை அடித்துப்போட்டது, 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. படித்தவர்களுக்காகத் தனியாக இன்னொரு சட்டம் போட்டு வேறு பேரில் வேலையில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. திறமை இருந்தும் பேர் இல்லாமல் நிற்பவரின் வலி இது. நமக்கு அந்நியமான வலி இல்லை.

இங்கிலாந்தில் பிரச்சினை தலைகீழாக வந்தது. அங்கே இவர்களுக்கு 'பிசிஷியன் அசோசியேட்' என்று பேர். 2022இல் ஒரு இளம்பெண் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் இறந்தாள். அதற்கு முன் இரண்டுமுறை அவளைப் பார்த்தவர் டாக்டர் இல்லை என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. 2025 ஜூலையில் வந்த லெங் அறிக்கை 'அசோசியேட்' வேண்டாம், 'அசிஸ்டன்ட்' என்றே சொல்லுங்கள், உடையிலும் அடையாள அட்டையிலும் வித்தியாசம் தெரியட்டும், இன்ன நோய் என்று தெரியாமல் புதிதாக வருகிறவரை முதலில் பார்ப்பது இவர்கள் வேலையாக இருக்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. சில தோழர்கள் இதைப் படித்துவிட்டு, 'பாத்தீங்களா, உதவியாளன்னு முத்திரை குத்துறான்' என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் உடம்பைத் தொடுகிறவர் யார், என்ன படித்தவர் என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. அந்த நோயாளி பெரும்பாலும் நம் ஆத்தா, நம் அப்பன். சுகாதாரப் பணியாளர் ஊசி போட்டார், தையல் போட்டார் என்று அவ்வப்போது பத்திரிகையில் படம் வரும். இருபது வருசம் பக்கத்தில் நின்று பார்த்தே தையல் கற்றுக்கொண்ட அந்த அக்காவின் அறிவுக்குப் பேர் கொடுக்காதது ஒரு குற்றம். படிக்காத கையிடம் ஏழை உடம்பை விட்டது இன்னொரு குற்றம். முதலாவதைக் கண்டிக்கிற ஆவேசத்தில் இரண்டாவதை மறந்துவிடக்கூடாது.

இந்த உத்தியோகத்தின் மூலக்கதையே கறுப்பு மக்களின் கதையோடு பின்னியது. 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்கிற மருத்துவர், கடற்படையில் மருத்துவ வேலை பார்த்துத் திரும்பிய நாலு பேரை வைத்து முதல் வகுப்பைத் தொடங்கினார். புத்தகங்கள் இதைத்தான் முதலில் சொல்லும். ஆனால் ஸ்டெட்டின் கண்முன் இருந்த மாதிரிகளில் ஒருவர் பட்டி டிரெட்வெல். கார்லண்ட் என்ற சிற்றூரில் ஆமோஸ் ஜான்சன் என்ற வெள்ளை டாக்டரின் கீழ் 1940களிலிருந்து வேலை பார்த்து, அவரிடமே எல்லாம் கற்றுக்கொண்ட கறுப்பர். டாக்டர் ஊரில் இல்லாதபோது வைத்தியசாலையைத் தாங்கிப்பிடித்தது அவர்தான். அவரைப் பார்த்துப் படிப்பு வந்தது, முதல் வகுப்பில் உட்கார்ந்த நாலுபேரில் அவர் இல்லை. இன்னொருவர் விவியன் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உடம்பு நீலம் பாய்ந்த குழந்தைக்கு முதல் இதய அறுவை நடந்தபோது, டாக்டர் ப்ளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று வழிசொன்னவர் அவர். அந்த அறுவையை நாய்களிடம் செய்துபார்த்துக் கைபழகியவர் அவர். சம்பளப் பட்டியலில் அவரைத் துப்புரவாளர் வரிசையில் வைத்திருந்த காலமும் உண்டு. 1976இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்.

அதே டியூக்கில் 1970இல் பட்டம் வாங்கிய முதல் பெண் உதவியாளர் ஜாய்ஸ் நிக்கல்ஸ் ஒரு கறுப்புப் பெண். படிப்பை முடித்து, தன் ஏழை ஜனங்களுக்குக் கிராமத்தில் மருத்துவமனை உண்டாக்க உழைத்தார். கையில் சட்டம் ஒப்புக்கொண்ட தகுதி இருந்தால் அதே 'உதவியாள்' வேலை என்ன ஆகும் என்பதற்கு அவர் சாட்சி. டிரெட்வெல்லுக்கும் நிக்கல்ஸுக்கும் கையில் வித்தியாசம் இல்லை. இவருக்குத் தாள் இருந்தது, அவருக்கு டாக்டரின் நல்லமனசு மட்டும் இருந்தது. ஆண்டையின் நல்லமனசை நம்பி எத்தனை தலைமுறை இருந்தோம் என்று நமக்கே தெரியும்.

இங்கே அந்தத் தாள் ரொம்பத் தாமதமாக வந்தது. 1992இல் தொடங்கிய படிப்புக்கு 2021இல்தான் நடுவண் அரசின் சட்டப் பட்டியலில் இடம் கிடைத்தது. துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அது. இடையில் 29 வருசம் படித்து வெளியே வந்தவர்களின் வேலை எல்லை, முதலாளியின் வாய்ச்சொல். இது கோயில் விசயத்தில் நாம் பார்த்ததுதான். எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006இல் அரசாணை வந்தது, பயிற்சி கொடுத்தார்கள், 200 பேருக்குமேல் முடித்தார்கள். 2021 ஆகஸ்டில் அவர்களில் 24 பேருக்கு வேலை கொடுக்கவே அத்தனை வருசமாயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுசர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை எல்லோருக்கும் சொன்னார் என்று பெருமையாகக் கதை சொல்வார்கள். மந்திரம் காதில் விழுந்தது, கருவறைச் சாவி யாரிடம் இருந்தது? பயிற்சி கொடுப்பது ஒன்று, அதிகாரம் கொடுப்பது வேறொன்று.

இதுவரை கையெழுத்து இல்லாததைப் பற்றிப் பேசினேன். கையெழுத்தைக் கேட்டு வாங்குகிற இடமும் ஒன்று உண்டு. அது ஆலைக்குள் இருக்கிற மருத்துவ அறை. விபத்தினால் ஒரு தொழிலாளி 48 மணிநேரம் வேலைக்கு வரமுடியாமல் போனால் அதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது பழைய சட்டத்தின் 88ஆம் பிரிவு, புதிய சட்டத்தொகுப்பிலும் அது உண்டு. விரல் நசுங்கியவனுக்குக் கட்டுப்போட்டு, மறுநாள் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, 'ஃபிட்' என்று ஒரு சொல் எழுதிவிட்டால் கணக்கில் விபத்தே கிடையாது. மாதவிலக்கு வலியில் வருகிற பெண்ணுக்கு ஒரு மாத்திரை கொடுத்து, பத்து நிமிசத்தில் லைனுக்கு அனுப்பிவிட்டால் உற்பத்தி நிற்காது. அங்கே வேலைபார்க்கிற பையன், இன்னொரு காண்டிராக்டரின் கீழ் வந்தவன், சொந்த ஊரில் கடன் வைத்திருப்பவன், எழுதமாட்டேன் என்று சொன்னால் மறுநாள் இருப்பானா? மருத்துவமனையில் அவன் பேரை எழுதவிடவில்லை. இங்கே அவன் பேரை எழுதச்சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் அவன் கை அவனுடையதாக இல்லை.

இலங்கை மலையகத்தில் நம் ஜனங்கள் இதை நூறு வருசத்துக்கு மேல் அனுபவித்தார்கள். தேயிலைத் தோட்டத்து வைத்திய உதவியாளர் தோட்ட நிர்வாகத்தின் சம்பளக்காரர். காய்ச்சலா, நடிப்பா, இன்றைக்கு மலைக்குப் போகலாமா, லயத்தில் படுக்கலாமா என்று தீர்ப்புச் சொல்கிற இடத்தில் அவரை நிறுத்தினார்கள். அவரில் நல்லவர் உண்டு, ஜனங்களுக்காக நின்றவர் உண்டு. ஆனால் ஒருத்தரின் நல்ல குணத்தை நம்பி ஒரு ஜனக்கூட்டத்தின் உடம்பை விடக்கூடாது.

2021 டிசம்பரில் நடந்ததை நினைவில் வையுங்கள். ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 250 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கூட இருந்த பெண்களுக்குத் தகவல் இல்லை. செத்துப்போனார்கள் என்று வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் சாகவில்லை என்று பிறகு தெரிந்தது. வதந்தியை நம்பினார்களே என்று படித்தவர்கள் கேலிசெய்தார்கள். நான் வேறு கேட்கிறேன். அந்தப் பெண்களிடம் வந்து, 'நான் பார்த்தேன், உங்க பொண்ணு நல்லா இருக்கா' என்று சொல்ல, சொன்னால் அவர்கள் நம்ப, ஒரு ஆள் ஏன் இல்லை? உடம்பைப் பற்றி உண்மை பேசுகிறவர் நிர்வாகத்தின் ஆளாக இருக்கும்வரை அவர் உண்மை சொன்னாலும் பொய்யாகத்தான் கேட்கும்.

இப்போது கேள்வியை நேராக வைக்கலாம். ஒருவர் செய்த காரியத்துக்கு அவரைப் பொறுப்பாக்க வேண்டுமென்றால், 'செய்யமாட்டேன்' என்று சொல்ல அவருக்கு முடியவேண்டும். மறுக்க முடியாதவனிடம் பொறுப்பு கேட்பது அநீதி, அடிமையிடம் ஒழுக்கம் கேட்பது மாதிரி. பிணவறையில் அறுக்கிற தாத்தா, 'இது தூக்கு மாதிரி தெரியலீங்க, கழுத்தை நெரிச்ச மாதிரி இருக்கு' என்று சொன்னால் தாளில் ஏறுமா? நம் பிள்ளைகளின் எத்தனை சாவுகள் அப்படி 'தற்கொலை' என்று எழுதப்பட்டுப் புதைந்தன? கையெழுத்து என்பதை மரியாதைச் சின்னமாக மட்டும் நான் பார்க்கவில்லை. மறுத்துப்பேச முடிகிற இடம் அது. 'என் கண் பார்த்தது இது, நான் எழுதுவது இது' என்று நிற்கிற இடம்.

அதனால் மருத்துவர் உதவியாளர் படிப்பு வேண்டுமா வேண்டாமா என்று நம் பிள்ளைகளோடு சண்டைபோடுவதை விட்டுவிட்டு, நாலு விசயம் கேட்டுப் போராடலாம். ஒன்று, எந்தெந்தக் காரியத்தை அவர் தன் பொறுப்பில் செய்யலாம் என்று சட்டத்தில் எழுதவேண்டும், செய்ததன் கீழே அவர் பேரும் இருக்கவேண்டும். இரண்டு, நோயாளிக்கு விளங்குகிற தமிழில், தன் பேரையும் படிப்பையும் சொல்லித்தான் அவர் உடம்பைத் தொடவேண்டும். மூன்று, பத்துவருசம் வேலைபார்த்த உதவியாளர் மேலே படித்து டாக்டராகிற ஏணி ஒன்று வேண்டும். ஏணி இல்லாத படிக்கட்டுக்குச் சாதி என்றுதான் பேர். நாலு, ஆலைக்குள் இருக்கிற மருத்துவ ஊழியரின் சம்பளமும் வேலைநீக்கமும் ஆலையின் கையில் இருக்கக்கூடாது. தொழிலாளியின் பணமும் சேர்ந்து நடக்கிற இ.எஸ்.ஐ. அவரை நியமிக்கட்டும்.

முடியாத காரியம் என்பார்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். இன்று வண்டிக்குள் இருப்பவர் டாக்டர் இல்லை, பயிற்சிபெற்ற டெக்னீஷியன். அவசரமென்றால் சென்னையில் இருக்கிற டாக்டரைப் போனில் பிடித்துக் கேட்கிறார். அவர் கை ரோட்டோரத்தில் ரத்தத்தை அடக்குகிறது. அவரை அரை டாக்டர் என்று யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை, டாக்டர் என்று ஏமாறுவதும் இல்லை. அந்த வேலை இன்னதென்று ஊருக்குத் தெரியும். அவர்களும் சம்பளத்துக்காகத் தெருவில் நிற்கவேண்டியிருக்கிறது, அது வேறு சண்டை. ஆனால் ஒரு நடுவேலைக்குத் தனிப்பேரும் தனி மதிப்பும் உண்டாக முடியும் என்பதற்கு அது நம் கண்முன் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்தப் படிப்புக்குப் போகிற நம் பிள்ளைகளிடம், 'நீ டாக்டராகலியே' என்று யாரும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே ஊர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ராத்திரி ஷிப்டில் நசுங்கிய விரலை முதலில் பிடிக்கிற கை நம் பிள்ளையின் கையாக இருந்தால் நல்லதுதான். அந்தக் கை சரியாகப் படித்திருக்கவேண்டும். 'ஃபிட்' என்று எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைக்கிற தைரியமும் அதற்கு வேண்டும். அந்தத் தைரியத்தை அவனுடைய மனசில் மட்டும் தேடாமல் சங்கத்திலும் சட்டத்திலும் உண்டாக்கித் தரவேண்டியது நம் வேலை.